ஐந்து வீட்டுக்கும் ஒரே சாக்கடை: மண்டபம் கரையில் ஒரு கரப்பான்பூச்சி நிகழ்வு ஆய்வு

ஒன்பது வயதுப் பையன், நான்காம் வகுப்பு. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா வீட்டிலிருந்தபடி வலை முடைந்து கொடுப்பவர். இரண்டு ஆண்டாக இரவு இரண்டு, மூன்று மணிவாக்கில் வறட்டு இருமல் தொடங்கும், விடிவதற்குள் இழுப்பாகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெபுலைசர் வைத்து, மருந்து கொடுத்து அனுப்புவார்கள். சில நாள் அடங்கும். மறுபடி வரும். "உப்புக்காத்து பிள்ளைக்கு ஒத்துக்கலை" என்பது அப்பத்தாவின் முடிவு. "ஐஸ் வாங்கித் திங்கிறான்" என்பது அப்பாவின் முடிவு. பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டே போயின.

இடம் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் வட்டாரத்தில் ஒரு கடற்கரைக் குடியிருப்பு. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் இங்கே இல்லை. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் இந்த வட்டாரத்தில் கொசுப்புழு ஒழிப்பு வேலையை மேற்பார்க்கிறவன். டெங்குக் காலத்தில் வீடு வீடாகப் போகிறோம். டிரம், தண்ணீர்த் தொட்டி, ஆட்டுக்கல், பிரிட்ஜின் பின்தட்டு வரை டார்ச் அடித்துப் பார்க்கிறோம். அந்தப் பின்தட்டுக்கு அடியிலேயே கரப்பான் ஓடும். எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. மழைத்தண்ணீர் தேங்கிய தேங்காய்ச் சிரட்டைக்கு இருக்கும் கவனம், குழந்தை மூச்சு விடும் அறையில் ஊரும் பூச்சிக்கு இல்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. இந்த நிகழ்வை முழுதாக எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

மருத்துவர் பிடித்த துப்பு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும், பள்ளிக்கும் விடுமுறை. அந்த நாட்களில் இந்தக் குடும்பம் பரமக்குடிப் பக்கம் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போய்விடும். அங்கே பையனுக்கு இழுப்பே வருவதில்லை. ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் இரவு இருமல் ஆரம்பித்துவிடும். மருத்துவர் இதைக் கேட்டதும் உப்புக்காற்றை விட்டுவிட்டு வீட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது துப்பு அம்மா பேச்சுவாக்கில் சொன்னது. "இறால் தின்னா உதடு தடிச்சுக்கும் டாக்டர், அதனால கொடுக்கிறதில்ல." கடற்கரைப் பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை வீட்டில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவர் எடுத்துக்கொண்டார். இறாலின் தசையில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம்தான் இறால் ஒவ்வாமையின் முக்கியக் காரணி. கணுக்கணுவான கால்கள் கொண்ட உயிர்கள், அதாவது கணுக்காலிகள் எல்லாவற்றிலும் இந்தப் புரதம் உண்டு; வீட்டுத்தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியிலும், கரப்பானிலும் கிட்டத்தட்ட அதே அமைப்பில் இருக்கிறது. ஒன்றுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் மற்றதையும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். சமய விதிப்படி வாழ்நாளில் இறாலே தொடாத யூதர்களின் இரத்தத்தில் இறாலுக்கு எதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள் இருந்ததை ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டார்கள். அவர்கள் இறாலைத் தின்னவில்லை. தூசி உண்ணியை மூச்சில் இழுத்திருந்தார்கள். இறால் ஏலம் போகிற கரையில் இருக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. இறால் தின்று உதடு தடிக்கும் பிள்ளைக்கு இழுப்பும் இருந்தால், வீட்டுக்குள் இருக்கும் மற்ற கணுக்காலிகள் பக்கம் ஒரு முறை பார்வை போகவேண்டும்.

பையனை மதுரைக்கு அனுப்பித் தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை செய்தார்கள். தூசி உண்ணி, கரப்பான் இரண்டுக்கும் தடிப்பு வந்தது. கரப்பானுக்கு வந்த தடிப்பு பெரிது. அதன்பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது. "அந்த வரிசையோட சாக்கடை உங்களுக்குத் தெரியும்ல சார், கொஞ்சம் பாத்துட்டு வாங்க" என்றார் மருத்துவர்.

வரிசை

ஒட்டிய சுவரோடு ஐந்து வீடுகள், மேலே சிமெண்ட் சீட்டுக் கூரை, வெக்கைக்கு அடியில் தட்டி. முன்னறை, படுக்கிற இடம், பின்னால் அடுப்படி. ஐந்து அடுப்படிக்கும் பின்னால் ஒரே சாக்கடை வாய்க்கால் ஓடுகிறது, மேலே கடப்பாக் கல் போட்டு மூடியிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் போகும் இடைவெளி. வாய்க்காலின் கடைசியில் செப்டிக் டேங்க். அதன் காற்றுக்குழாய்க்கு வலை இல்லை. முதல் வீட்டின் முன்பக்கம் டீக்கடை. கடைசி வீட்டில் ஒரு அறையை மீன் வியாபாரி வாடகைக்கு எடுத்துத் தெர்மாகோல் பெட்டி, அட்டைப்பெட்டி, பழைய வலை எல்லாம் போட்டு வைத்திருந்தார். பையனின் வீடு நடுவில், மூன்றாவது.

தண்ணீரையும் சொல்லவேண்டும். இராமநாதபுரம் கரையில் நல்ல தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். வருகிற அன்று குடம், டிரம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். அந்த டிரம்களுக்கு அடியில் தரை எப்போதும் ஈரம். கரப்பானுக்குச் சாப்பாட்டைவிடத் தண்ணீர் முக்கியம். பெரிய கரப்பான் உணவில்லாமல் ஒரு மாதம் தாங்கும். தண்ணீரில்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. வெளியே நிலம் காய்ந்து கிடக்கும் கோடையில் ஈரம் இருக்கிற ஒரே இடம் நம் அடுப்படி.

இரவில் பார்க்கப் போனோம். டார்ச்சின் முகத்தில் சிவப்புச் செல்லோஃபேன் தாள் கட்டிக்கொண்டோம், ஏனென்றால் சிவப்பு வெளிச்சம் கரப்பானின் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. வெள்ளை வெளிச்சம் பட்டால் நொடியில் மறைந்துவிடும். அதோடு ஒவ்வொரு வீட்டிலும் ஹார்லிக்ஸ் பாட்டில் பொறி: உள்வாயில் வாசலின் தடவி, அடியில் பன் துண்டும் வாழைப்பழமும் போட்டு, வெளிப்புறம் ஏறுவதற்குத் தாள் சுற்றி வைப்பது. உள்ளே விழுந்த பூச்சி வழுக்கும், ஏறி வரமுடியாது. காலையில் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டு இனம் இருந்தன. இதைப் பிரித்துப் பார்க்காமல் மருந்து வாங்குவதில்தான் பணம் வீணாகிறது. ஒன்று அமெரிக்கக் கரப்பான் எனப்படும் பெரிப்ளனேட்டா அமெரிக்கானா: செம்பழுப்பு நிறம், நான்கு சென்டிமீட்டர் வரை நீளம், கழுத்தில் வெளிறிய மஞ்சள் ஓரம். பெயர் அமெரிக்கா என்றாலும் பூர்வீகம் ஆப்பிரிக்கா. இது சாக்கடைப் பூச்சி. செப்டிக் டேங்கிலும் வாய்க்காலிலும் குடும்பம் நடத்தும், இரவில் உணவு தேடி வீட்டுக்குள் வரும். முட்டைப்பையை எங்காவது சந்தில் ஒட்டிவிட்டுப் போய்விடும். ஒரு பையில் ஏறக்குறைய 16 முட்டை.

மற்றது ஜெர்மன் கரப்பான், பிளாட்டெல்லா ஜெர்மானிகா. ஒன்றரை சென்டிமீட்டர்தான், வெளிர்பழுப்பு, கழுத்துக்குப் பின் இரண்டு கரிய கோடுகள். இது சாக்கடைக்குப் போகாது. பிரிட்ஜ் மோட்டாரின் சூட்டில், மிக்ஸியின் அடியில், ஸ்விட்ச் பெட்டிக்குள், காஸ் அடுப்பின் கீழ், அலமாரிக் கதவின் கீலில் இருக்கும். ஒரு பையில் 30 முதல் 40 முட்டை. குஞ்சு பொரிக்கும் நேரம் வரை தாய் அதை வயிற்றோடு சுமந்துகொண்டே திரியும், அதனால் பெரும்பாலும் எல்லாக் குஞ்சும் பிழைத்துவிடும். இரண்டு மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை. டீக்கடையின் பிரிட்ஜை நகர்த்தியபோது பின்சுவர் முழுக்க மிளகுத்தூள் தூவியது போல அதன் எச்சம். பாட்டில்களில் பெரும்பான்மை சின்னக் குஞ்சுகள். அப்படியென்றால் பக்கத்திலேயே இனப்பெருக்கம் நடக்கிறது என்று அர்த்தம். அமெரிக்கக் கரப்பானோ பின்பக்கப் பாட்டில்களில் மட்டும், வளர்ந்தவையாக, சாக்கடையை ஒட்டிய சுவரோரத்தில் விழுந்திருந்தது.

ஜெர்மன் கரப்பானைப் பற்றி ஒரு இடைச்செருகல். ஐரோப்பாவில் வைத்துப் பெயரிடப்பட்டதால் அதன் ஊர் அது என்று நினைத்திருந்தார்கள். 17 நாடுகளிலிருந்து 281 பூச்சிகளின் மரபணுவைப் படித்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, அது ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்று காட்டியது. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியப் பேரரசுகளின் வணிகத்தோடும் படையோடும் மேற்கே போனது. சுமார் 390 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் கம்பெனிகளின் காலத்தில் கிழக்கே பரவியது. வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் ரோமானிய நாணயம் கிடைத்த மாவட்டம் இது. கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் கப்பல் வந்துபோன கரை இது. மூட்டையும் பெட்டியும் எங்கே போகிறதோ அங்கே இந்தப் பூச்சி போகும் என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. எங்கள் வரிசையிலும் அப்படித்தான். டீக்கடைக்கு வரும் பிஸ்கட் அட்டைப்பெட்டியும், கடைசி வீட்டு அறையின் பெட்டிகளும் பிரித்துப் பார்த்தபோது மடிப்புக்குள் முட்டைப்பையோடு தாய்ப்பூச்சிகள் இருந்தன. விசைப்படகின் சமையல் சாமான் பெட்டியிலும் இதே இனம்தான்.

பூச்சியால் இழுப்பு எப்படி வருகிறது

கரப்பான் கடித்து வருவதில்லை. அதன் எச்சம், எச்சில், உரித்த தோல், செத்து உலர்ந்த உடம்பு நொறுங்கித் தூளாகிறது. அந்தத் தூளில் இருக்கும் புரதங்கள்தான் காரணம். 1964இல் அமெரிக்காவில் பெர்ன்டன், பிரவுன் என்ற இரு மருத்துவர்கள் தோல் சோதனை செய்து கரப்பான் ஒவ்வாமையை முதலில் காட்டினார்கள். பிறகு 1997இல் வந்த ஆய்வுதான் இந்தப் பூச்சியை அருவருப்பு என்ற கணக்கிலிருந்து நோய்க்காரணம் என்ற கணக்குக்கு மாற்றியது. அமெரிக்காவில் எட்டு நெருக்கடியான நகர்ப்பகுதிகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளைப் பார்த்தார்கள். 36.8 சதவீதக் குழந்தைகளுக்குக் கரப்பான் ஒவ்வாமை. படுக்கையறைகளில் பாதியில், 50.2 சதவீதத்தில், அந்தப் புரதம் அதிக அளவில் தூசியில் இருந்தது. ஒவ்வாமையும் இருந்து, அறையிலும் அது அதிகமாக இருந்த குழந்தைகள், மற்றவர்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பூனை ஒவ்வாமைக்கோ தூசி உண்ணி ஒவ்வாமைக்கோ அப்படி ஒரு உறவு அந்த ஆய்வில் தெரியவில்லை.

இந்தத் தூள் கனமானது. காற்றில் நெடுநேரம் மிதக்காது, தரையிலும் பாயிலும் படிந்துவிடும். கிளறினால் எழும். தென்னை விளக்குமாற்றால் வேகமாகப் பெருக்கும்போதும், பாயை உதறும்போதும், பையன் தலையணையில் முகம் புதைத்துத் தூங்கும்போதும் மூச்சில் போகும். அவன் படுக்கும் இடம் அடுப்படிச் சுவரை ஒட்டித் தரையில். அதே சுவரின் மறுபக்கம் காஸ் அடுப்பு. சுவரின் பிளவில் ஜெர்மன் கரப்பான் கூட்டம். இரவு மூன்று மணி இருமல் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தச் சுவரைப் பார்த்தவுடன் எங்களால் ஊகிக்க முடிந்தது.

கிருமி விஷயத்தில் நாங்கள் நிதானமாகவே இருந்தோம். டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 1991இல் எழுதியது: மருத்துவமனையில் பிடித்த 159 கரப்பானில் 158இல் நோய் உண்டாக்கக்கூடிய நுண்ணுயிர், வீடுகளில் பிடித்த 120இல் 113இல். சாக்கடையில் நடந்த காலோடு தோசை மாவுப் பாத்திரத்தில் ஏறினால் வேறு என்ன ஆகும்? ஆனால் பூச்சியின் உடம்பில் கிருமி இருப்பதும், அதனால்தான் நோய் வந்தது என்று நிறுவுவதும் இரண்டு வேறு வேலைகள். பிரஸ்ஸல்ஸில் ஒரு குழந்தைகள் பிரிவில் சால்மோனெல்லா தொற்று கரப்பானை ஒழித்த பிறகே நின்றதாக 1950இல் பதிவு உண்டு. அந்த மாதிரித் தெளிவான சான்றுகள் குறைவு. வரிசையில் இரண்டாவது வீட்டுக் கைக்குழந்தைக்கு வந்த வயிற்றுப்போக்கை நாங்கள் கரப்பான் கணக்கில் எழுதவில்லை. தண்ணீரின் குளோரினைப் பார்க்கச் சொன்னோம்.

சந்தேகப் பட்டியலில் வேறு சிலவும் இருந்தன. இரவு முழுக்க எரியும் கொசுவத்திச் சுருள், அப்பாவின் பீடி, தூசி உண்ணி. ஈரக்காற்று வீசும் கடற்கரையில் உண்ணிக்குக் குறைவிருக்காது. கருவாட்டுத் தூசியையும் சிலர் சொன்னார்கள். கருவாட்டில் ஓடுவது வண்டு, அது வேறு பூச்சி.

அடித்த மருந்தெல்லாம் எங்கே போனது

வரிசையில் மருந்து அடிக்காத வீடு இல்லை. ஸ்ப்ரே டப்பா, பூச்சிச் சாக்பீஸ், டீக்கடையில் மருந்தை அறை முழுக்கப் புகையாகப் பரப்பும் புகைக்குண்டு. நான்காவது வீட்டில் மிளகாய்க் கொல்லைக்கு அடிக்கிற மருந்தையே தண்ணீர் கலந்து அடுப்படியில் அடித்திருக்கிறார்கள். முண்டு மிளகாய் விளைகிற மாவட்டத்தில் அந்த மருந்து எளிதாகக் கைக்குக் கிடைக்கும். இழுப்புக்காரப் பிள்ளை ஒரு சுவர் தள்ளித் தூங்கும் இடத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு காலத்தில் வீடுகளில் தாராளமாக அடித்த டைக்ளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தை, 2018இல் போட்ட உத்தரவின்படி 2020 டிசம்பர் 31 முதல் நாட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த வகை மருந்துகள் மனித நரம்பையும் தாக்கும்.

ஸ்ப்ரே அடித்த வீட்டில் ஒரு வாரம் பூச்சி தெரியாது. அந்த வாரம் பக்கத்து வீட்டில் கூடும். டப்பாவில் இருக்கும் பைரித்ராய்டு மருந்து பட்டவற்றைக் கொல்லும், மற்றவற்றை விரட்டும். ஒட்டிய சுவரில் அவை எங்கே போகும்? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் கௌஷிக் ஜெயராமும் ராபர்ட் ஃபுல்லும் 2016இல் காட்டியபடி, பெரிய அமெரிக்கக் கரப்பானே உடம்பைப் பாதிக்குமேல் நசுக்கிக்கொண்டு 3 மில்லிமீட்டர் சந்தில் நுழைந்துவிடும். குழாய் போகும் ஓட்டை, ஒயர் போகும் ஓட்டை, கூரைத் தட்டி எல்லாம் அதற்குச் சாலை. முட்டைப்பைக்குள் மருந்து போகாது. தப்பித்தவற்றின் பிள்ளைகளுக்கோ எதிர்ப்பு கூடும்: பர்டூ பல்கலைக்கழகத்தார் 2019இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பார்த்தபோது, ஜெர்மன் கரப்பானுக்கு ஒரே தலைமுறையில் எதிர்ப்பு நான்கு முதல் ஆறு மடங்கு ஏறியது. தாங்கள் சந்திக்காத மருந்து வகைகளுக்குக்கூட எதிர்ப்பு வந்திருந்தது. புகைக்குண்டின் கதை இன்னும் மோசம். அதே ஆண்டு வட கரோலினாவில் 20 வீடுகளில் வெடித்துப் பார்த்தார்கள். பூச்சி குறையவில்லை, சமையல் மேடையிலும் தரையிலும் மருந்துப் படிவுதான் பல நூறு மடங்கு கூடியது.

ஆகவே பையனின் வீட்டில் மட்டும் வேலை செய்வதில் பயனில்லை என்று முதல் இரவே முடிவாகிவிட்டது. ஐந்து வீடும் ஒன்றாகச் செய்யவேண்டும். அதுதான் இந்த ஆய்வில் மிகக் கடினமான பகுதி.

"எங்க வீட்ல கரப்பானே கிடையாது"

ஐந்தில் நான்கு வீடுகள் முதலில் சொன்னது இதுதான். டீக்கடை அண்ணன் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "சார், கடையில கரப்பான்னு ஒரு பேச்சு வெளிய போச்சுன்னா நாளைக்கு டீ குடிக்க யாரு வருவா? உங்களுக்கு வேணும்னா நானே ரெண்டு டப்பா வாங்கி அடிச்சுக்கிறேன்." பையனின் வீட்டில் வேறு விதம். அப்பத்தா வாசலில் நின்றபடி, "வீட்டைக் கூட்டிப் பெருக்கினாத்தான பூச்சி போகும்" என்று மருமகளுக்குக் கேட்கும்படி சொன்னார். அந்த அக்கா எங்களைப் பார்க்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்து அடுப்படியில் துடைத்துச் சுத்தமாக இருந்தது அவருடையதுதான்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கரப்பானுக்கு ஒரு பெண்ணின் சுத்தத்தைக் குற்றம் சொல்வது நியாயமும் இல்லை, அறிவியலும் இல்லை. அழுக்கு அதற்கு உதவும், உண்மை. ஆனால் இந்த வரிசையில் பூச்சியை வளர்த்தது விரிந்த கல்மூடி, வலையில்லாத காற்றுக்குழாய், சொட்டும் குழாய், சந்து விட்ட சுவர், அட்டைப்பெட்டி. இவற்றில் பெரும்பாலானவை வீட்டுக்காரர் பொறுப்பு, ஊராட்சியின் பொறுப்பு. வெட்கத்துக்குப் பயந்து வீடுகள் வாயை மூடிக்கொள்ளும் வரை அந்தப் பொறுப்புகளை யாரும் கேட்கப்போவதில்லை.

பாட்டில்கள் வழி திறந்தன. வீட்டின் பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டி, ஐந்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருத்திண்ணையில் வைத்தோம். ஐந்திலும் பூச்சி. எந்த எண் யாருடையது என்று கேட்கக்கூட ஆள் இல்லை. கடைசி வீட்டு மாமாதான் முதலில் பேசினார்: "அப்ப எல்லார் வீட்லயும் இருக்கு. சேந்து செஞ்சிருவோம்." அப்பத்தா அன்றைக்குப் பிறகு கூட்டுகிற பேச்சை எடுக்கவில்லை. டீக்கடை அண்ணன் கடை மூடிய பிறகு இரவில் வேலை செய்வதென்றால் சரி என்றார். உணவுக்கடைகள் பூச்சிக் கட்டுப்பாடு வைத்திருக்கவேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது என்பதையும் அவரிடம் மரியாதையாகச் சொன்னோம்.

செய்தது

ஜெர்மன் கரப்பானுக்கு ஜெல் இரை. ஊசிக்குழலில் வரும் பசையைக் கடுகளவு புள்ளிகளாக, பூச்சி ஒளியும் இடத்துக்கு அருகில் வைக்கவேண்டும்: கீல், பிரிட்ஜின் பின்புறம், அடுப்பு மேடையின் அடிவிளிம்பு, மின்பெட்டியின் வெளிப்பக்கம். ஒரே இடத்தில் நிறைய வைப்பதைவிடப் பல இடத்தில் கொஞ்சமாக வைப்பது நல்லது. தின்ற பூச்சி உடனே சாகாது, கூட்டத்துக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் குஞ்சுகள் தின்னும். அப்படி இரையைத் தொடாதவைக்கும் மருந்து போய்ச் சேரும். ஐந்து வீட்டிலும் ஒரே இரவில் வைத்தோம். அன்றிலிருந்து யாரும் ஸ்ப்ரே அடிக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். ஸ்ப்ரே வாடை பட்ட ஜெல்லைப் பூச்சி தீண்டாது.

ஜெல்லுக்கும் எல்லை உண்டு. 1993இல் ஜூல்ஸ் சில்வர்மன் என்ற பூச்சியியலாளர் அமெரிக்காவில் ஒரு கூட்டத்தைக் கண்டார்; இரையில் இருந்த குளுக்கோஸை அந்தப் பூச்சிகள் ஒதுக்கின. 2013இல் காரணம் தெரிந்தது: அவற்றின் வாயில் கசப்பை உணரும் நரம்புகளே குளுக்கோஸுக்கும் துடிக்கும்படி மாறியிருந்தன. இனிப்பு அவற்றுக்குக் கசந்தது. எனவே ஒரே வகை ஜெல்லை ஆண்டுக்கணக்கில் வைக்காமல் மாற்றி மாற்றி வைக்கவேண்டும்.

கேரம்போர்டுக்குப் போடும் போரிக் பவுடரை மாவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்து வைக்கும் பழக்கம் இரண்டு வீடுகளில் இருந்தது. போரிக் அமிலம் கரப்பானைக் கொல்லும் என்பது சரிதான். ஆனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் இனிப்பு உருண்டை தரையில் கிடக்கக்கூடாது. எடுக்கச் சொன்னோம்.

சுவர்ச் சந்துகளை வெள்ளைச் சிமெண்ட் வைத்துக் கொத்தனார் அடைத்தார். கழுவுதொட்டிக் குழாய் சுவரில் நுழையும் இடத்தை எம்-சீல் வைத்து மூடினோம். தண்ணீர் இறங்கும் ஓட்டைகளுக்கு ஜாலி போட்டோம். அட்டைப்பெட்டிகளை வாசலிலேயே பிரித்து, சாமானை மட்டும் உள்ளே கொண்டுபோகும் வழக்கத்தை டீக்கடை ஏற்றுக்கொண்டது. கடைசி அறையின் பெட்டிகள் கடற்கரைக் கொட்டகைக்குப் போயின. பையனின் படுக்கையை அடுப்படிச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். பழைய பாயை எறிந்தார்கள். பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைப்பது. எச்சம் படிந்த இடங்களைச் சோப்புத் தண்ணீரால் கழுவுவது. எச்சத்தைக் கழுவுவதற்கு ஒவ்வாமை மட்டும் காரணமில்லை. கரப்பானின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் எச்சத்தில் உண்டாக்கும் வாசனைதான் மற்ற கரப்பான்களைக் கூட்டத்துக்கு அழைக்கிறது என்று 2015இல் வந்த ஆய்வு சொல்கிறது. எச்சம் இருக்கும் சந்துக்குப் புதுப்பூச்சி தேடி வரும்.

கொசுவத்தியை நிறுத்தி வலை கட்டினார்கள். அப்பா பீடியை வாசலுக்குக் கொண்டுபோனார். மருத்துவர் இன்ஹேலரை ஸ்பேசரோடு, அதாவது அதன் முனையில் மாட்டி மூச்சிழுக்கும் குழலோடு, ஒழுங்காக எடுக்கப் பழக்கினார்.

ஒரு சின்ன விஷயம். பின்சுவரில் கறுப்புக் குளவி ஒன்று, வயிற்றைக் கொடி மாதிரி மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும். பெண்கள் அதை விளக்குமாற்றால் அடிப்பார்கள். ஈவானியா அப்பெண்டிகாஸ்டர் என்ற அந்தக் குளவி மனிதரைக் கொட்டுவதில்லை. கரப்பானின் முட்டைப்பைக்குள் தன் முட்டையை இடும். அதன் புழு உள்ளிருக்கும் முட்டைகளைத் தின்று வளரும். அடிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

நடந்தது

ஜெர்மன் கரப்பான் நாலைந்து வாரத்தில் கண்ணில் படாத அளவுக்கு இறங்கியது. பாட்டில்களில் குஞ்சுகள் விழுவது நின்றது. டீக்கடையில்தான் கடைசியாக அடங்கியது, அங்கே ஜெல்லைத் திரும்பத் திரும்ப வைக்கவேண்டியிருந்தது. அமெரிக்கக் கரப்பான் அசையவில்லை. அடுப்படி ஜெல் அதன் வீட்டுக்கு எட்டாது. ஊராட்சியில் கேட்டுக் கேட்டு, கடப்பாக் கற்களின் இடைவெளியைக் கலவை பூசி அடைத்து, காற்றுக்குழாய்க்குக் கொசுவலைக் கம்பி கட்டிய பிறகுதான் பின்பக்கப் பாட்டில்கள் காலியாகத் தொடங்கின. ஐப்பசி மழையில் வாய்க்கால் நிரம்பியபோது பூசாமல் விட்ட ஒரு மூலை வழியாக மறுபடி ஏறி வந்தன. அந்த மூலையையும் அடைத்தார்கள்.

பையனுக்கு இரவு இருமல் மெல்லத்தான் குறைந்தது. முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. அது எதிர்பார்த்ததே: பூச்சி செத்தாலும் அதன் தூள் மாதக்கணக்கில் பாயிலும் பிளவிலும் இருக்கும். அதற்குப் பிறகு நெபுலைசருக்கு ஓடும் இரவுகள் குறைந்தன. மழைக்காலம் முடிவதற்குள் வாரக்கணக்கில் இருமலே இல்லாமல் தூங்கினான். இன்ஹேலரை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது.

இதில் எவ்வளவு கரப்பானால், எவ்வளவு கொசுவத்தியை நிறுத்தியதால், எவ்வளவு மருந்தை ஒழுங்காக எடுத்ததால் என்று ஒரு பையனை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குப் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. வட கரோலினாவில் 2007இல் வெளியான ஆய்வு, பூச்சியியலாளர்கள் சரியான இடத்தில் இரை வைத்ததாலேயே, தனியாகத் துப்புரவுக்கு ஆள் வைக்காமலேயே, தூசியில் ஒவ்வாமைப் புரதம் இறங்கியதைக் காட்டியது. நியூ ஆர்லியன்ஸில் ஆஸ்துமா உள்ள 102 குழந்தைகளின் வீடுகளைச் சீட்டுக்குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஜெல் இரை மட்டும் வைத்து ஓராண்டு பார்த்தார்கள். இரை வைத்த வீட்டுக் குழந்தைகளுக்கு இழுப்பும் அவசரமாக மருத்துவமனைக்குப் போவதும் குறைந்தன. அது 2017இல் வெளியானது. ஒரு குழல் ஜெல்லின் விலையில் இந்தப் பலன் கிடைக்குமென்றால், இழுப்புக்கு வரும் ஒவ்வொரு குழந்தையிடமும் "வீட்டில் கரப்பான் உண்டா, எந்த வகை?" என்று கேட்பது மருத்துவச் சீட்டின் ஒரு பகுதியாக வேண்டும். அந்தக் கேள்விக்கு வெட்கமில்லாமல் பதில் வருகிற மாதிரி கேட்கவும் வேண்டும்.

தற்போதைய நிலை: டீக்கடை அண்ணன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெல்லை மாற்றி வைக்கிறார், பக்கத்துத் தெருக் கடைக்காரருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான்காவது வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களின் சாமான் மூட்டைகளைத் திண்ணையிலேயே பிரித்துப் பார்த்துதான் உள்ளே விட்டார்கள். செப்டிக் டேங்கின் மேல்மூடியில் ஒரு வெடிப்பு இன்னும் இருக்கிறது. வீட்டுக்காரர் தடைக்காலம் முடிந்து வாடகை வந்ததும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பையனுக்கு முழுப்பரீட்சை முடிந்ததும் மதுரையில் மூச்சுத்திறன் சோதனை. அவன் பரமக்குடிக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் ஒரு வாரம் பாட்டில்களை மறுபடி வைக்க ஐந்து வீடும் ஒத்துக்கொண்டிருக்கின்றன.